ரிப்போர்ட் எல்லாம் நார்மல், கை மட்டும் மரத்துக்கிட்டே இருக்கு

மூணுமணி

எல்லாருக்கும் வணக்கம். 14 மாசமா மனசுக்குள்ள வச்சிருந்ததை இன்னைக்கு எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

எனக்கு 38 வயசு. கணக்கு எழுதுற வேலை, நாள் முழுக்க கீபோர்டு. போன வருஷம் ஒரு ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வந்தது. ரெண்டு கையும் என் கையாவே இல்ல. ஒரு கையால இன்னொண்ணைத் தொட்டா வேற யாரோட கையையோ தொடுற மாதிரி இருந்தது. உதறினேன், எழுந்து நடந்தேன். கொஞ்ச நேரத்துல எறும்பு ஊர்ற மாதிரி ஆரம்பிச்சு உணர்ச்சி திரும்பி வந்தது. கையை மடக்கிப் படுத்திருப்பேன்னு விட்டுட்டேன். அடுத்த வாரம் மறுபடியும். அப்புறம் வாரத்துல நாலு நாள். இப்போ தினமும்.

பகல்ல மரத்துப்போறது குறைவு. ஆனா முழங்கைக்குக் கீழ ஒரு குடைச்சல் இருக்கு, சாயங்காலம் ஆக ஆக ஏறும். சில நாள் உள்ளங்கை எரியும். அப்போ ஈரத்துணியைச் சுத்திக்கிட்டு உக்காந்திருப்பேன்.

சுகர், தைராய்டு, பி12, வாதத்துக்கான ரத்தப் பரிசோதனை, கழுத்துக்கு எம்.ஆர்.ஐ., நரம்போட வேகம் பாக்குற டெஸ்ட், எல்லாம் எடுத்தாச்சு. எல்லாம் நார்மல். எம்.ஆர்.ஐ.ல மட்டும் 'வயதுக்கேற்ற லேசான தேய்மானம்'னு ஒரு வரி. மூணாவதா பாத்த டாக்டர் ஃபைலை மூடி வச்சிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, நிம்மதியா போங்க"ன்னார். வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்து அழுதேன். ஒண்ணும் இல்லேன்னா ராத்திரி என் கை எங்க போகுது?

மகளுக்குத் தலை பின்னிவிடும்போது மூணு பிரிவுல ஒண்ணு கட்டை விரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவுல நழுவிடுது. பிடிச்சிருக்கேன்னு நினைச்சுக்கிட்டு இருப்பேன், பாத்தா கையில இருக்காது. அவ இப்போ எதுவும் கேக்காம தானே பின்னிக்கிறா. அதுதான் தாங்கல.

இப்படி இருந்து பின்னாடி காரணம் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா? தெரியாமலே இருக்கிறவங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?

சுண்டுவிரல்

எந்த விரல்னு எழுதலியே அக்கா. அஞ்சுமா?

மூணுமணி

அஞ்சும்தான். கை முழுக்க.

மின்னலை

அக்கா, நரம்பு வேகம் பாக்குற அந்த டெஸ்டை எடுக்கிற டெக்னீஷியன் நான். நோய் இன்னதுன்னு சொல்றது டாக்டர் வேலை, அதுக்குள்ள நான் போகமாட்டேன். ஆனா 'அஞ்சு விரலும்'னு சொல்லிட்டு வர்றவங்களை வருஷக்கணக்கா பாக்குறேன். ஒரு வாரம் கவனிச்சுப் பாருங்கன்னு அனுப்பினா, அதுல நிறைய பேர் "சுண்டு விரல் மட்டும் மரக்கல"ன்னு வந்து சொல்லுவாங்க. தூக்கக் கலக்கத்துல எல்லாருக்கும் கை முழுக்கன்னுதான் தோணும்.

இன்னைக்கு ராத்திரி முழிப்பு வந்ததும் உடனே உதறாதீங்க. லைட்டைப் போட்டு ஒவ்வொரு விரலா தடவிப் பாருங்க. கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல், மோதிர விரல்ல நடு விரல் பக்கத்துப் பாதி, இவ்வளவும் மீடியன் நரம்பு. சுண்டு விரலும் மோதிர விரலோட மறுபாதியும் அல்நர் நரம்பு. புறங்கையில கட்டை விரல் பக்கம் ரேடியல் நரம்பு. மோதிர விரல் ஒரு பக்கம் மரத்து, மறுபக்கம் நல்லா இருந்தா டாக்டர்கிட்ட அதை மறக்காம சொல்லுங்க. கழுத்துல நரம்பு வேர் அழுந்தினா விரல் அப்படி நடுவுல கோடு கிழிச்ச மாதிரி பிரியாது. கைக்குள்ளயே எங்கயோ அழுந்துதுங்கிறதுக்கு அது நல்ல அடையாளம்.

இன்னொண்ணு, உள்ளங்கையில கட்டை விரலுக்குக் கீழ இருக்கிற மேடு. மணிக்கட்டுல மீடியன் நரம்பு அழுந்தினா விரல் மரக்கும், அந்த மேட்டுத் தோல் மரக்காது. அதுக்குப் போற கிளை மணிக்கட்டுச் சுரங்கத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே பிரிஞ்சு மேலால போயிடும். அந்தச் சுரங்கம் ரொம்பக் குறுகல், 9 தசைநாண்களோட இந்த நரம்பும் அதே வழியாத்தான் போகணும். தூக்கத்துல மணிக்கட்டு மடங்கினா உள்ள அழுத்தம் ஏறும். ராத்திரி முழிப்பு வர்றதும், உதறினா சரியாறதும் அதனாலதான்.

அப்புறம் இந்த 'நார்மல்'. நாங்க மின்சாரம் கொடுத்து அளக்கிறது பருமனான, வேகமான இழைகளை மட்டும்தான். முன்கையில செகண்டுக்கு 50 மீட்டருக்கு மேல ஓடினா சரின்னு எடுத்துக்குவோம். வலி, சூடு, குளிர் இதையெல்லாம் கொண்டுபோற மெல்லிய இழைகள் எங்க மெஷின்ல தெரியவே தெரியாது. அதேமாதிரி, ராத்திரி மட்டும் அழுத்தம் ஏறி பகல்ல விலகிட்டா, பகல் 11 மணிக்கு எடுக்கிற டெஸ்ட்ல எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கும். ஆரம்ப நிலையில கார்பல் டனல், அதாவது மணிக்கட்டுச் சுரங்கத்துல மீடியன் நரம்பு அழுந்துற தொல்லை, இருக்கிறவங்களுக்கு ரிப்போர்ட் நார்மலா வர்றது உண்டு. நார்மல்னு நான் டைப் பண்ணும்போது 'இந்தக் கருவி பாக்கக்கூடிய இழைகள் இன்னைக்குச் சரியா இருக்கு'ன்னுதான் அர்த்தம். அதுக்கு மேல அந்தக் காகிதத்துக்குச் சக்தி இல்ல.

மூணுமணி

இதை யாருமே எனக்குச் சொல்லல தம்பி. 14 மாசத்துல ஒருத்தர்கூட விரலைத் தனித்தனியா கேக்கல. நானும் சொல்லல. இன்னைக்கு ராத்திரி பாக்குறேன்.

வலதுகை

சகோதரிக்கு வணக்கம். எனக்கு வயது 52. கரும்பலகையில் எழுதிப் பிழைக்கும் ஆசிரியன். வலது கையில் 6 ஆண்டுகளாக மதமதப்பும் வலியும். இன்றுவரை காரணம் தெரியாது. அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறது.

முதல் 2 ஆண்டு எந்த மருத்துவரிடம் போனாலும் "கை வலிக்குது" என்று மட்டும்தான் சொன்னேன். அவர்களும் ஒரு வலி மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். பிறகு ஒரு மூத்த மருத்துவர், "எப்படி வலிக்குதுன்னு உங்க பேச்சுலயே சொல்லுங்க, எனக்குப் புரியுதான்னு கவலைப்படாதீங்க" என்றார். அன்றைக்குத்தான் நம் மொழியில் இதற்கு எத்தனை சொல் இருக்கிறது என்று யோசித்தேன்.

மரத்துப்போவது வேறு, மதமதப்பு வேறு. மரத்துப்போனால் தொட்டாலே தெரியாது. மதமதப்பில் தொடுவது தெரியும், நடுவில் கனத்த துணி ஒன்று இருப்பதுபோல் இருக்கும். குடைச்சல் எலும்புக்குள் யாரோ துளைபோடுவது. கடுப்பு, உழைத்து ஓய்ந்த தசையில் வருவது. விண் விண் என்பது நாடித்துடிப்போடு சேர்ந்து வரும். சுரீர் என்பது ஒரு இடத்தில் பிறந்து இன்னொரு இடத்துக்கு ஓடும். கூச்சம் என்றும் ஒன்று உண்டு, சட்டைக் கை உரசினால்கூடத் தாங்காது. நான் "கழுத்தைத் திருப்பும்போது சுரீர்னு தோள் வழியா நடு விரல் வரைக்கும் ஓடுது, மற்ற நேரம் மதமதப்பு" என்று சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து என் தலையைச் சாய்த்து மெதுவாக அழுத்திப் பார்த்தார். அதுவரை யாரும் என் கழுத்தைத் தொட்டதில்லை.

எனக்கு அவரும் முழு விடை கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் தேய்மானம் இருக்கிறது, மணிக்கட்டிலும் லேசான தடை. ஒரே நரம்புப் பாதையில் இரண்டு இடத்தில் சிறு நெருக்கடி இருந்தால் தனித்தனியாகப் பெரிதாகத் தெரியாமல் சேர்ந்து தொல்லை தரலாம் என்ற கருத்தை 1973இல் அப்டன், மெக்கோமாஸ் என்ற இருவர் முன்வைத்தார்கள். அது எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றல்ல. என் விஷயத்தில் அது பொருந்துகிறதா என்றும் அவர் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் "தெரியல" என்று வாய்திறந்து சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். 'ஒன்றுமில்லை' என்று சொல்பவர் கதவைச் சாத்துகிறார். 'தெரியவில்லை' என்று சொல்பவர் மறுபடி வரச் சொல்கிறார்.

ஈரத்துணி என்று எழுதியிருந்தீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பில் குண்டு பாய்ந்த வீரர்களைக் கவனித்தவர் வேர் மிட்செல் என்ற மருத்துவர். 1864இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிய நூலில், கை எரிகிறது என்று ஓயாமல் தண்ணீரில் நனைத்துக்கொண்டே இருந்தவர்களைப் பற்றி வருகிறது. உங்களுக்கு அப்படிப்பட்ட காயம் எதுவும் இல்லை, பயப்படாதீர்கள். ஈரத்துணியைச் சுற்றிக்கொள்ளும் நீங்கள் விசித்திரமானவர் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன். எரியும்போது தண்ணீரைத் தேடுவது மனிதக் கை செய்கிற காரியம்.

கடல்நுரை

இவ்வளவு யோசிக்காதீங்க சகோ. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு ஆறு மாசம் போடுங்க. நரம்புக்கு நல்லது. அதிகமானாலும் சிறுநீர்ல போயிடும், ஒண்ணும் பண்ணாது.

தையல்மெஷின்

கடல்நுரை, நல்ல மனசோடதான் சொல்றீங்கன்னு தெரியுது. ஆனா அந்தக் கடைசி வரியை நம்பி நான் ரெண்டு வருஷம் கெட்டேன், அதனால விட முடியல.

எனக்குத் தையல் வேலை. விரல் நுனி மதமதன்னு ஆனதும் சத்துக் குறைவுன்னு நானே முடிவு பண்ணி, நரம்புக்குன்னு விக்கிற மாத்திரை ரெண்டு விதம், அதோட ஒரு சத்து மாத்திரைன்னு சேத்துப் போட்டேன். மூணுலயும் பி6 இருந்திருக்கு. கூட்டிப் பாக்கணும்னு தோணவே இல்ல. குறையாம அதிகமாச்சு, பாதமும் மரத்துப்போச்சு. அதுக்கும் மாத்திரையைக் கூட்டினேன். கடைசில ஒரு டாக்டர் எல்லா அட்டையையும் மேஜைல பரப்பி வைக்கச் சொல்லி, ஒவ்வொண்ணுலயும் பி6 எத்தனை மில்லிகிராம்னு பேனாவால வட்டம் போட்டுக் கூட்டினார். அதிகமான பி6 தானே நரம்பைக் கெடுக்கும்னு அன்னைக்குத்தான் தெரியும். நிறுத்தினதும் முதல்ல சில வாரம் இன்னும் மோசமாச்சு, அப்படி ஆகலாம்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்தார். அப்புறம் மெதுவா இறங்குச்சு. ஊசியில நூல் கோக்க இன்னும் கண்ணாலதான் பாத்துக் கோக்குறேன், விரலுக்குத் தெரியாது.

பி12 குறைவா இருந்தா கட்டாயம் எடுக்கணும், அது நரம்புக்கு உயிர். சுகருக்கு மெட்ஃபார்மின் ரொம்ப நாள் எடுக்கிறவங்களுக்கும், வயித்து அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையை வருஷக்கணக்கா போடுறவங்களுக்கும் பி12 இறங்கலாம். ஆனா ரத்தம் கொடுக்கிறதுக்கு முன்னாடி மாத்திரையைப் போட்டுட்டா அளவு ஏறிக் காட்டும், உண்மை மறைஞ்சு போயிடும். முதல்ல டெஸ்ட், அப்புறம் மாத்திரை. மூணுமணி, உங்க பி12 அளவு எவ்வளவுன்னு எண்ணைப் பாருங்க, நார்மல்ங்கிற வார்த்தையைப் பாக்காதீங்க. கீழ் எல்லையை ஒட்டி இருந்தா மெத்தில் மலோனிக் அமிலம்னு இன்னொரு டெஸ்ட் இருக்கு, அதைக் கேக்கலாம்.

கடல்நுரை

பி6 இப்படிப் பண்ணும்னு நிஜமாவே தெரியாது. வீட்டுல அப்பாவும் இதைத்தான் போடுறார். அட்டையை எடுத்துப் பாக்குறேன். நன்றி.

நிதானம்

யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது. எல்லா டெஸ்டும் நார்மல்னா மனசைப் பாக்கணும். எனக்கும் கை கால் மரத்துச்சு, வேலை டென்ஷன் குறைஞ்சதும் போச்சு. டாக்டர்கள் சொல்றதுல உண்மை இருக்கு. தியானம் பண்ணுங்க, எல்லாம் சரியாகும்.

மூணுமணி

எனக்கு டென்ஷன் இருக்கு. இல்லேன்னு சொல்லல. ஆனா இது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இல்ல. ராத்திரி ரெண்டு தடவை எழுந்து, காலைல வேலைக்குப் போய், சாயங்காலம் கை குடையும்போது சிரிச்ச முகமா இருக்கணும்னா யாருக்குத்தான் டென்ஷன் வராது. இதுக்கு மேல எழுதினா கோபம் வந்துடும், நிறுத்திக்கிறேன்.

வலதுகை

நிதானம் சொன்னதில் ஒரு பகுதி சரி. பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் விரலும் உதட்டைச் சுற்றியும் மரமரக்கும். அது உண்மையான மரமரப்பு. உங்களுக்கு அது போனதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்த ஒரு சாவியை எல்லோர் பூட்டிலும் போட்டுத் திருகக் கூடாது. தூக்கத்தில் இருப்பவரை எழுப்பி, உதறினால் போகிற மரப்புக்கு டென்ஷன் என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் யாரும் மணிக்கட்டைப் பார்க்க மாட்டார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 'மனசு' என்ற சொல் வந்தாலே நமக்குப் பொய் என்று கேட்கிறது. அப்படி இல்லை. காயமும் தெரியாமல், நரம்பு கெட்டதற்கான தடயமும் இல்லாமல், வலியைக் கையாளும் அமைப்பே மாறிப்போய் வலி நிற்காமல் வருவது உண்டு. உலக அளவில் வலியை ஆராய்பவர்களின் சங்கம் 2017இல் அதற்கென்று ஒரு பெயரே சேர்த்தது, நோசிபிளாஸ்டிக் வலி என்பார்கள். அதே சங்கம் 2020இல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதையும் அதன் குறிப்புகளில் சேர்த்திருக்கிறது. எனக்கு இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராமில் தொடங்கினார்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை என்று மருந்துக்கடையில் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது, ஒரு மாதம் போடாமல் வைத்திருந்தேன். அது என் தவறு. குறைந்த அளவில் அது நரம்பு வலிக்கே தருகிற மருந்து. வாய் உலர்கிறது, காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது. ஆனால் 5 மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குகிறேன்.

நிதானம்

மூணுமணி சகோதரி, மன்னிச்சுக்கோங்க. எனக்கு நடந்ததை வச்சு உங்களுக்குத் தீர்ப்பு சொல்லிட்டேன்.

பொத்தான்

பொதுவா படிச்சிட்டுப் போயிடுவேன். ஆனா இதுல ஒண்ணு எழுதியே ஆகணும்.

எங்க அப்பாவுக்கு ரெண்டு கையும் மரத்துச்சு. வலி கிடையாது, அதனால அவரும் கவலைப்படல, நாங்களும் படல. முதல்ல மாறினது கையெழுத்து. 40 வருஷமா ஒரே மாதிரி போட்ட கையெழுத்து, பொருந்தலைன்னு காசோலை திரும்பி வந்தது. அதை வயசுன்னு நினைச்சோம். அப்புறம் சட்டைப் பொத்தான். ஒருநாள் காலைல அவர் கண்ணாடி முன்னாடி நின்னு மேல் பொத்தானோட போராடிக்கிட்டு இருந்ததை நான் கதவோரம் நின்னு பாத்தேன். பத்து நிமிஷம். கடைசில துண்டை மேல போட்டு மறைச்சிட்டு வந்தார். நான் உள்ள போய்ப் போட்டு விட்டிருக்கலாம், அவருக்கு அவமானமா இருக்கும்னு விட்டுட்டேன். அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கணும். நாலு மாசம் கழிச்சு நடை தடுமாறி விழுந்தப்புறம்தான் போனோம்.

கழுத்துல தண்டுவடமே அழுந்தியிருந்தது. டாக்டர் அவரைக் கையை மூடி மூடித் திறக்கச் சொல்லி 10 செகண்டுக்கு எண்ணினார். சாதாரணமா 20 தடவையாவது வரணுமாம், அப்பாவால 9தான் முடிஞ்சுது. ஆபரேஷன் பண்ணினாங்க. இதுக்கு மேல மோசமாகாம நிறுத்தத்தான் முக்கியமா இந்த ஆபரேஷன், போனது எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாதுன்னு முதல்லயே சொன்னாங்க. நடை ஓரளவு திரும்பியிருக்கு. பொத்தான் இன்னும் இல்ல.

வலி இல்லாத மரப்பு, கை வேலையில தடுமாற்றம், நடை தள்ளாட்டம், சிறுநீர் அடக்க முடியாம போறது, தலையைக் குனிஞ்சா முதுகுல ஷாக் அடிக்கிறது. இதுல எது இருந்தாலும் அடுத்த வாரம்னு தள்ளாதீங்க. திடீர்னு ஒரு பக்கக் கை மட்டும் விழுந்து, வாய் கோணினா, பேச்சு குழறினா, இல்ல மார் அழுத்தத்தோட கை வலிச்சா, அது நாம இங்க பேசுற விஷயமே இல்ல. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

சுண்டுவிரல்

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

என்னுடையது சின்ன விஷயம்தான், யாருக்காவது உதவும்னு போடுறேன். சுண்டு விரலும் மோதிர விரல் பாதியும். முழங்கையை மடக்கித் தலைக்கு அடியில வச்சுத் தூங்குறது, போனைக் காதுல வச்சு மணிக்கணக்கா பேசுறது, மேஜை விளிம்புல முழங்கையை ஊணுறது, மூணும் சேந்து பண்ணினது. ஒரு துண்டை முழங்கையைச் சுத்திக் கட்டிக்கிட்டு படுத்தேன், கை மடங்காது. ரெண்டு மாசத்துல பெரும்பாலும் போயிடுச்சு. கட்டை விரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவுல புறங்கைச் சதை குழி விழ ஆரம்பிச்சா மட்டும் காத்திருக்கக் கூடாதுன்னு சொன்னாங்க.

மூணுமணி

(ஒரு மாசத்துக்கு மேல கழிச்சு)

மின்னலை தம்பி, சுண்டு விரல் மரக்கவே இல்ல!

21 ராத்திரி பாத்தேன். தலைமாட்டுல ஒரு நோட்டு, ஒரு பேனா. உதறாம உக்காந்து தடவிப் பாக்குறது ரொம்பக் கஷ்டம், கை அவ்வளவு தவிக்கும். ஆனா பாத்தேன். கையோட உருவத்தை வரைஞ்சு வச்சு, மரத்த இடத்தை மட்டும் கோடு போட்டு நிரப்பினேன். வலது கையில 21 நாளும் ஒரே படம்: கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல். மோதிர விரல்ல சில நாள் பாதி. அந்த மேட்டுத் தோல்ல உணர்ச்சி இருக்கு. இடது கையில மட்டும் நாளுக்கு நாள் மாறுது, ஒரு ஒழுங்கு இல்ல.

நோட்டோட புது டாக்டரைப் பாத்தேன். பக்கம் பக்கமா திருப்பினாங்க. அந்த அஞ்சு நிமிஷம் அவங்க பேசவே இல்ல, எனக்குக் கண்ணு நிறைஞ்சுடுச்சு. அப்புறம் ரெண்டு புறங்கையையும் ஒட்ட வச்சு மணிக்கட்டை மடக்கி 60 செகண்டு வைக்கச் சொன்னாங்க. 40 ஆகுறதுக்குள்ள வலது நடு விரல் மரத்துச்சு. மணிக்கட்டு மேல தட்டினாங்க, விரல் நுனி வரைக்கும் சுரீர்னுச்சு. அல்ட்ராசவுண்டுல நரம்பு லேசா வீங்கியிருக்கு, எல்லைக்கோட்டுலதான்னு சொன்னாங்க. ராத்திரிக்கு மணிக்கட்டை மடங்காம நேரா வைக்கிற ஸ்பிளின்ட் கொடுத்திருக்காங்க. இன்னைக்கு ஒன்பதாவது ராத்திரி. ஒன்பதுல ஆறு நாள் முழிக்காம தூங்கினேன்.

ஆனா முன்கைக் குடைச்சலும் எரிச்சலும் அப்படியேதான் இருக்கு. அதுக்குக் கார்பல் டனல் மட்டும் காரணமா இருக்காதுன்னு நினைக்கிறாங்க. மெல்லிய இழை பாதிப்பா இருக்குமோன்னு தோலைக் கொஞ்சம் எடுத்துப் பாக்கலாம், அவசரம் இல்லன்னாங்க.

மின்னலை

ரொம்ப சந்தோஷம் அக்கா! அந்தத் தோல் டெஸ்ட் பத்தித் தெரிஞ்சதைச் சொல்றேன், பயப்பட ஒண்ணும் இல்ல. வழக்கமா 3 மில்லிமீட்டர் வட்டத்துக்குத்தான் எடுப்பாங்க, மரக்க ஊசி போட்டு. அதுல எத்தனை நரம்பு நுனி இருக்குன்னு எண்ணுவாங்க. பொதுவா கணுக்காலுக்கு மேல எடுப்பாங்க, ஏன்னா மெல்லிய இழை பாதிப்பு பெரும்பாலும் பாதத்துல தொடங்கும். கையில முதல்ல தொடங்குறதும் உண்டு, ஆனா குறைவு. உங்க டாக்டர் அவசரப்படாததுக்கு அதுகூடக் காரணமா இருக்கலாம், கேட்டுப் பாருங்க.

தையல்மெஷின்

ராத்திரி விஷயத்தை எல்லாரும் எழுதிட்டாங்க, பகல் பத்தி நான் சொல்றேன். மரத்த கையால தண்ணி சூடு பாக்காதீங்க. எனக்கு விரல்ல கொப்புளம் வந்தப்புறம்தான் சுட்டதே தெரிஞ்சுது. முழங்கையால பாருங்க, இல்ல மரக்காத கையால. கத்தி, கத்தரிக்கோல் எடுக்கும்போது கண்ணு அதுமேலயே இருக்கட்டும், பேச்சுக் கொடுக்கிறவங்களை நிக்கச் சொல்லுங்க. மெல்லிசான பேனாவைத் தூக்கிப் போட்டுட்டு தடிமனானதை வாங்குங்க, இல்லேன்னா ஸ்பாஞ்சைச் சுத்திக்கோங்க. மெல்லிசு இறுக்கிப் பிடிக்க வைக்கும், இறுக்கினா வலி.

வேலையை வலி வந்ததும் நிறுத்தாதீங்க, வலி வர்றதுக்கு முன்னாடி நிறுத்துங்க. இது எனக்கு வர ரொம்ப நாளாச்சு. 40 நிமிஷத்துல வலிக்கும்னா 25ல எழுந்திருப்பேன். நல்லா இருக்கிற நாள்ல எல்லாத்தையும் முடிச்சிடலாம்னு பாயக் கூடாது, அடுத்த மூணு நாள் போயிடும். ஒரு ஆள்கிட்ட மட்டும் வீட்டுல முழுசா சொல்லி வைங்க. எல்லார்கிட்டயும் சொன்னா எல்லாரும் வைத்தியம் சொல்லுவாங்க.

மூணுமணி

அந்த ஒரு ஆள் என் மகள்தான்னு முடிவு பண்ணி நேத்து சொன்னேன். 11 வயசு. மணிக்கட்டுப் படத்தைக் காட்டி, நரம்பு எங்க நசுங்குதுன்னு சொன்னேன். "அப்போ என் மேல கோவம் இல்லையா?"ன்னு கேட்டா. தலை பின்னும்போது நான் பாதில விட்டுட்டுப் போறதை அவ அப்படி நினைச்சிருக்கா. இத்தனை மாசமும்.

வலதுகை

இதைப் படித்துவிட்டு நெடுநேரம் எழுத முடியவில்லை. என் வகுப்பில் நான் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுத் திரும்பி நிற்பதைப் பிள்ளைகள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். திங்கட்கிழமை அவர்களிடம் சொல்லிவிடப் போகிறேன்.

மூணுமணி

(அஞ்சு மாசம் கழிச்சு)

கேட்டவங்களுக்காக எழுதுறேன். வலது கை மரப்பு ஸ்பிளின்ட்டுல நல்லாவே அடங்கியிருக்கு, மாசத்துல ரெண்டு மூணு ராத்திரிதான். ஊசி, ஆபரேஷன் இப்போ வேண்டாம், கட்டை விரல் மேட்டுச் சதை குறையாம இருக்கான்னு மட்டும் பாத்துக்கிட்டே இருக்கலாம்னு சொல்லியிருக்காங்க. தோல் டெஸ்ட் எடுத்தாச்சு, நார்மல். குடைச்சல், எரிச்சல், இடது கை, இது மூணுக்கும் இன்னும் பேர் கிடைக்கல. குடைச்சல் பாதியா குறைஞ்சிருக்கு. வேலையைத் துண்டு துண்டா பண்றதாலயா, தூக்கம் வர்றதாலயான்னு தெரியல.

போன தடவை டாக்டர்கிட்ட ஒண்ணு கேட்டேன். ஃபைல்ல 'ஒன்றுமில்லை'ன்னு எழுதாம இருப்பீங்களான்னு. அவங்க கொஞ்சம் யோசிச்சுட்டு எழுதிக் காட்டினாங்க: 'வலியும் மரப்பும் உள்ளன. ஒரு பகுதிக்குக் காரணம் தெரியவில்லை. தொடர்ந்து பார்க்க வேண்டும்.' போட்டோ எடுத்து வச்சிருக்கேன்.

வர்ற மாசம் நரம்பு டெஸ்ட் மறுபடி எடுக்கணுமாம். மின்னலை தம்பி, போகும்போது என்ன பாத்துக்கணும்?

மின்னலை

கையைக் குளிர விட்டுடாதீங்க அக்கா. கை குளிர்ந்திருந்தா நரம்பு மெதுவா ஓடுற மாதிரி தப்பாக் காட்டும். நாங்களும் சூடு பண்ணித்தான் எடுப்போம், ஆனாலும் வழியில மூடி வச்சுக்கோங்க. அன்னைக்குக் கையில க்ரீம், எண்ணெய் எதுவும் தடவாதீங்க, எலெக்ட்ரோடு ஒட்டாது. மோதிரம், வாட்ச் கழட்டிடுங்க. பழைய ரிப்போர்ட்டை எடுத்துட்டுப் போங்க, எண்ணோட எண்ணை வச்சுப் பாக்கணும். அந்த நோட்டையும். டெஸ்ட் எடுக்கிறவங்க கேக்கலேன்னாலும் முதல் பக்கத்தைத் திறந்து அவங்க முன்னாடி வச்சிடுங்க.